லட்சுமி விலாஸ் வங்கி, நவம்பர் 2020: ஓடியவர்கள் யார், நின்றவர்கள் யார்?

2020 நவம்பர் 17, செவ்வாய்க்கிழமை. தீபாவளி முடிந்து மூன்றாம் நாள். அன்று மாலை 6 மணியிலிருந்து டிசம்பர் 16 வரை லட்சுமி விலாஸ் வங்கியில் யாரும் ரூ.25,000-க்கு மேல் எடுக்க முடியாது என்று மத்திய அரசு தடை போட்டது. வாட்ஸ்அப் குழுக்களில் கிடந்த தீபாவளி வாழ்த்துகளுக்கு நடுவே இந்தச் செய்தி வந்து விழுந்தது. கரூரில் பிறந்து 94 வருடம் ஓடிய வங்கி. கொங்கு நாட்டில் பாதிப் பேருக்கு அதில் கணக்கு இருக்கும், இல்லாவிட்டால் கணக்கு வைத்திருக்கும் ஒரு சொந்தக்காரராவது இருப்பார்.

வங்கி ஏன் விழுந்தது என்று நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அதைத் தேவையான அளவுக்குத் தொட்டுக்கொள்கிறேன். நான் பார்க்க நினைப்பது மக்கள் நடந்துகொண்ட விதத்தை. மறுநாள் ஏடிஎம் வாசலில் நின்ற கூட்டத்தைக் காட்டி, மக்கள் பதறியடித்துக்கொண்டு ஓடினார்கள் என்று அப்போது சொன்னார்கள். அது பாதிதான் சரி. நிஜமான ஓட்டம் அதற்கு முன்பே சத்தமில்லாமல் நடந்து முடிந்திருந்தது. வாசலில் நின்றவர்கள், விஷயம் கடைசியாகத் தெரிய வந்தவர்கள்.

கரூர்க்காரர்களின் வங்கி

கரூர் என்றால் பஸ் பாடி கட்டுகிற ஊர், கொசுவலை ஊர், பெட்ஷீட்டும் திரைச்சீலையும் ஏற்றுமதி செய்கிற ஊர். அந்த ஒரே ஊரிலிருந்து இரண்டு வங்கிகள் கிளம்பின. 1916-ல் கரூர் வைசியா, 1926-ல் லட்சுமி விலாஸ். வி.எஸ்.என். ராமலிங்கச் செட்டியாரும் அவரோடு சேர்ந்த வணிகர்களுமாக ஏழு பேர் தொடங்கியது இரண்டாவது. 1958-ல் உரிமம் கிடைத்தது. அறுபதுகளின் முதல் பாதியில் ஒன்பது சின்ன வங்கிகளைச் சேர்த்துக்கொண்டு கிளைகளைப் பெருக்கியது.

லட்சுமி விலாஸின் (சுருக்கமாக எல்.வி.பி.) பலம், ஊர் தெரிந்து கடன் கொடுத்ததுதான். தறிக்காரர், மஞ்சள் மண்டிக்காரர், நூல் வியாபாரி, நகையை வைத்து விதைக்காசு வாங்க வந்த விவசாயி என்று வருகிறவர் யார், அவர் அப்பா யார், போன தடவை தவணை தவறினாரா என்பது மேனேஜருக்குத் தெரியும். வாடிக்கையாளருக்கும் அப்படியே: வங்கியின் ஐந்தொகை தெரியாது, மேனேஜரைத் தெரியும்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கொங்கு நாட்டுக்காரருக்குப் பணத்தோடு விளையாடுவது புதிதில்லை. ஏலச்சீட்டு, லாரி ஃபைனான்ஸ், நாலு பேர் சேர்ந்து போடும் பார்ட்னர்ஷிப் ஃபைனான்ஸ் எல்லாம் இந்தப் பக்கத்துச் சாதாரண விஷயங்கள். அதில் கை சுட்டுக்கொண்ட அனுபவமும் உண்டு. 2009-ல் திருப்பூரில் பாசி ஃபோரெக்ஸ் என்ற முதலீட்டு நிறுவனம் விழுந்தது, சுமார் ரூ.930 கோடி. 2012-ல் பெருந்துறை ஈமு கோழிப் பண்ணை. அதற்கப்புறம் வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் ஒரே பாட்டுத்தான் பாடினார்கள்: "வட்டி கம்மியா இருந்தாலும் போகுது, பேங்க்ல போட்டு வையி கண்ணு." ரிட்டயர்மென்ட் பணம், பெண் கல்யாணத்துக்கு ஒதுக்கியது, காடு விற்ற காசு எல்லாம் வங்கிக்குப் போனது அப்படித்தான். ஈமுவில் போட்டவரை ஊர் கேலி செய்தது, பேராசை என்றது. எல்.வி.பி.யில் போட்டவரை என்னவென்று கேலி செய்ய? அவர் பெரியவர் பேச்சைக் கேட்டு நடந்தவர். நவம்பர் 17 அதிர்ச்சியின் ருசி வேறாக இருந்ததற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

சத்தமில்லாத ஓட்டம்

சிறுதொழிலை நம்பி வளர்ந்த வங்கி, பின்னாளில் பெரிய கம்பெனிகளுக்குக் கடன் கொடுக்கப் போனது. ரெலிகேர் என்ற நிதி நிறுவனக் குழுமத்தின் ரூ.794 கோடி வைப்பை ஈடாக வைத்து, அந்தக் குழுமத்தின் முன்னாள் முதலாளிகளான மல்விந்தர், ஷிவிந்தர் சிங் சகோதரர்களின் நிறுவனங்களுக்குச் சுமார் ரூ.720 கோடி கொடுத்தது. கடன் திரும்பாதபோது வைப்பை எடுத்து நேர்செய்துகொண்டது. "எங்கள் பணத்தை எடுக்க நீங்கள் யார்?" என்று ரெலிகேர் வழக்குப் போட்டது. டெல்லி போலீஸும் வந்தது. ஜெட் ஏர்வேஸ், காஃபி டே என்று கரூருக்குச் சம்பந்தமில்லாத பெயர்களும் கடன் பட்டியலில் இருந்தன.

2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி எல்.வி.பி.யை, நலிந்த வங்கிகளுக்குக் கட்டுப்பாடு போடும் உடனடித் திருத்த நடவடிக்கையின் கீழ் கொண்டுவந்தது. இந்தியாபுல்ஸ் வீட்டுவசதி நிறுவனத்தோடு இணைகிறோம் என்று அந்த ஏப்ரலில் சொல்லியிருந்தார்கள். அக்டோபரில் ரிசர்வ் வங்கி அதற்கும் முடியாது என்றது. 2020 செப்டம்பர் முடிவில் கொடுத்த கடனில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு வாராக்கடன் (24.45 சதவீதம்). நஷ்டத்தைத் தாங்கச் சொந்தப் பணம் எவ்வளவு என்று காட்டும் மூலதன விகிதம் பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸ் 2.85.

இந்த வங்கியில் 2019 மார்ச் முடிவில் ரூ.29,000 கோடிக்கு மேல் வைப்பு இருந்தது. 2020 மார்ச் முடிவில் அது ரூ.21,000 கோடி சொச்சம். ஒரே வருடத்தில் கிட்டத்தட்ட ரூ.8,000 கோடி வெளியே போயிருக்கிறது. எங்கேயாவது வரிசை நின்றதா? டிவியில் காட்டினார்களா? ஒன்றும் இல்லை. கோடிக்கணக்கில் வைப்பு வைத்திருப்பவர்களிடம் காலாண்டு முடிவுகளைப் படிக்க ஆள் இருக்கிறது. திருத்த நடவடிக்கை என்று செய்தி வந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவர்களுக்குத் தெரியும். வைப்பு முதிர்ந்ததும் புதுப்பிக்க மாட்டார்கள், ஆர்டிஜிஎஸ்ஸில் வேறு வங்கிக்கு மாற்றிவிடுவார்கள், விஷயம் முடிந்தது. அதற்குச் செருப்பைக்கூடக் கழற்ற வேண்டியதில்லை. தடை விதித்த நாளில் வெளியான அறிக்கையிலேயே, வைப்புகள் தொடர்ந்து வெளியேறிக்கொண்டிருந்ததை ஒரு காரணமாக ரிசர்வ் வங்கி சொல்லியிருந்தது.

சின்ன வைப்புதாரருக்கு என்ன தெரிந்தது? 2020 செப்டம்பர் 25 ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிர்வாக இயக்குநர் உட்பட ஏழு இயக்குநர்களைப் பங்குதாரர்கள் ஓட்டுப் போட்டு வெளியே அனுப்பினார்கள். அப்போதுதான் உள்ளூரில் பேச்சே கிளம்பியது. உடனே வங்கியிலிருந்து ஒரு அறிக்கை வந்தது: எங்கள் நீர்மைத்தன்மை விகிதம் 262 சதவீதம், ரிசர்வ் வங்கி கேட்பது 100 தான், வைப்புதாரர், கடன்பத்திரம் வைத்திருப்பவர், கணக்கு வைத்திருப்பவர் எல்லோரும் பாதுகாப்பாக இருக்கிறார்கள் என்று. 262 பொய்யில்லை. ஆனால் அந்த விகிதம் சொல்வது அடுத்த 30 நாளைக்குக் கையில் போதுமான பணம் இருக்கிறதா என்பதை மட்டும்தான். முதல் கரைந்துபோன கடையிலும் கல்லாவில் அன்றைய காசு இருக்கலாம், அல்லவா? இந்த வித்தியாசத்தை யாரும் தமிழில் எடுத்துச் சொல்லவில்லை. அறிக்கையைப் பார்த்துச் சமாதானமாகி, தீபாவளி போனஸை அதே கணக்கில் போட்டவர்கள் இருந்திருப்பார்கள்.

புதன் முதல் சனி வரை

நவம்பர் 18 காலை கிளைகளிலும் ஏடிஎம்களிலும் கூட்டம். கொரோனா காலம் வேறு. மாஸ்க்கோடு, தரையில் போட்ட வட்டத்துக்குள் நிற்க வேண்டும். எங்கும் ஒரே கேள்வி: "ஏனுங்க, நம்ம பணம் வந்துருமுங்களா?" கவுன்ட்டரில் இருந்தவர்கள் திருப்பித் திருப்பிச் சொன்ன பதில்: "வந்துருமுங்க, சிங்கப்பூர் பேங்க் எடுத்துக்குது. ஒரு மாசம் பொறுத்துக்குங்க."

சேமிப்புக் கணக்கில் இருபத்தஞ்சாயிரத்துக்குள் வைத்திருந்தவருக்கு உச்சவரம்பு உறைக்கவே இல்லை. இருந்ததை மொத்தமாக எடுத்துக்கொண்டு போனார். பெரிய வைப்பு போட்ட முதியவர்களுக்குப் பயம் இருந்தது. ஆனால் பலர் அந்தப் பணத்தை அந்த மாதம் தொடப் போவதில்லை. மருத்துவம், மேற்படிப்பு, திருமணம் போன்ற செலவுக்கு அனுமதியோடு கூடுதலாக எடுக்க வழி வைத்திருந்தார்கள். கார்த்திகை முகூர்த்தம் வைத்திருந்த வீடுகளில் பத்திரிகையைக் கையில் எடுத்துக்கொண்டு கிளைக்குப் போக வேண்டிய நிலை. பெண் வீட்டுக்காரர் வங்கியில் பத்திரிகை நீட்டுவது அழைப்பதற்காக இல்லை என்பது அன்றைக்குப் புதுசு.

அடி பலமாக விழுந்தது நடப்புக் கணக்கில். திருப்பூரில் வாரச் சம்பளம் சனிக்கிழமை. செவ்வாய் சாயங்காலம் தடை. புதன், வியாழன், வெள்ளி என மூன்று நாள்தான் இடையில். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். டெய்லர், கைமடி, செக்கிங், அயர்ன் எல்லாம் சேர்த்து 40 பேர் வேலை செய்யும் யூனிட். ஆளுக்கு வாரம் ரூ.3,000 என்றாலே ரூ.1,20,000 வேண்டும். ஒரு மாதத்துக்கு எடுக்க முடிந்தது ரூ.25,000. அப்படியென்றால் முதல் வாரத்துக்கே எட்டுப் பேர் சம்பளம் தாண்டாது. அதோடு தீபாவளிக்கு முன் நூல் மில்லுக்கும் சாயப்பட்டறைக்கும் கொடுத்த பின்தேதிச் செக்குகள் வந்து நிற்கும். இந்தப் பக்கத்து வியாபாரத்தில் செக் ரிட்டர்ன் என்பது வங்கிச் சமாச்சாரம் மட்டும் கிடையாது, மானப் பிரச்சினை. "எங்க தப்பில்லீங்க, பேங்க்கயே மூடி வெச்சுட்டாங்க" என்று சொன்னால் தெரிந்தவர் புரிந்துகொள்வார். தெரியாத பார்ட்டி, செக் ரிட்டர்னுக்குப் போடுகிற 138 கேஸ் என்பார்.

அப்படி மாட்டினவர் செய்யக்கூடிய முதல் வேலை, வர வேண்டிய இடங்களுக்கெல்லாம் போன் போடுவது: "அண்ணா, அந்த அக்கவுன்ட்ல போட்டுறாதீங்க, வேற நெம்பர் அனுப்பறேன்." உள்ளே இருக்கும் பணம் போகட்டும், புதிதாக வருவதும் சிக்கிக்கொள்ளக் கூடாது. பொருளாதாரப் புத்தகத்தில் இதற்கு என்ன பெயரோ. என் பார்வையில், ஏடிஎம் வரிசையைவிட வங்கிக்குக் கெடுதல் இந்தப் போன்கால்தான். வரிசையில் நிற்பவர் இருப்பை எடுக்கிறார். போன் போடுபவர் வரத்தையே நிறுத்துகிறார். அடுத்த வேலை கைமாத்து. சொந்தத்தில், பக்கத்து யூனிட்டில், நகையை வைத்து. கொங்கு நாட்டின் பழைய கடன் பழக்கங்கள் அந்த வாரம் கைகொடுத்தன. சீட்டையும் ஃபைனான்ஸையும் நாம் எவ்வளவு திட்டினாலும் இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஏன் பரவவில்லை?

பயம் நாலு நாளில் தணிந்ததற்குக் காரணம், தடை வந்த அன்று மாலையே தீர்வும் வந்ததுதான். சிங்கப்பூர் டிபிஎஸ் வங்கியின் இந்தியப் பிரிவோடு இணைப்பது, டிபிஎஸ் ரூ.2,500 கோடி மூலதனம் போடுவது என்று வரைவுத் திட்டத்தை ரிசர்வ் வங்கி கையோடு வெளியிட்டது. கனரா வங்கியின் முன்னாள் தலைவர் டி.என். மனோகரன் நிர்வாகியானார். 25-ம் தேதி அமைச்சரவை ஒப்புதல். 27-ம் தேதி இணைப்பு, தடை நீக்கம். ஒரு மாதம் என்றது பத்து நாளில் முடிந்தது.

இதற்கு முந்தைய வருடம் பிஎம்சி கூட்டுறவு வங்கியில் ரூ.1,000 உச்சவரம்பில் தொடங்கி, 2022 ஜனவரியில் வேறு வங்கியோடு சேரும்வரை வைப்புதாரர்களை இழுத்தடித்தார்கள். அங்கே ஜனங்கள் தெருவில் நின்றார்கள். 2020 மார்ச்சில் யெஸ் வங்கிக்கு ரூ.50,000 உச்சவரம்பு வந்தபோது அந்த வங்கி வழியாக இயங்கிய போன்பே செயலியே முடங்கியது. ஆனால் இரண்டு வாரத்தில் கதவு திறந்தது. பணம் வருமா என்ற கேள்வியைவிட எப்போது வரும் என்ற கேள்விதான் மனிதனைத் தூங்க விடாமல் செய்கிறது போலும். எல்.வி.பி. விஷயத்தில் அந்த "எப்போது"க்கு முதல் நாளே ஒரு தேதி கிடைத்துவிட்டது.

அப்புறம் சிங்கப்பூர் என்ற பெயர். வெளிநாட்டு வங்கிக்குத் தூக்கிக் கொடுக்கிறார்கள், பொதுத்துறை வங்கியோடு இணைக்க வேண்டும் என்று அகில இந்திய வங்கி ஊழியர் சங்கம் எதிர்த்தது. அந்த வாதத்தில் நியாயம் இருந்தது. ஆனால் வைப்புதாரரிடம் அது எடுபடவில்லை. ஊருக்கு ஒருவராவது சிங்கப்பூர் போய்ச் சம்பாதித்து வந்த நாட்டில், அந்தப் பெயர் எந்தச் சுற்றறிக்கையையும்விட நன்றாக வேலை செய்தது.

பூஜ்யமானவர்கள்

வைப்புதாரருக்கு ஒரு ரூபாயும் குறையவில்லை. அந்த நிம்மதியில் ஊர் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டது. பங்குதாரருக்குக் கிடைத்தது பூஜ்யம். இணைப்புத் திட்டத்தின்படி செலுத்தப்பட்ட மூலதனம் முழுவதும் எழுதித் தள்ளப்பட்டது.

கரூர்ப் பக்கம் இந்தப் பங்கை வாங்கி விற்கும் சரக்காக நினைக்காத வீடுகள் உண்டு. தாத்தா வாங்கினது, அப்பா போனஸும் ரைட்ஸும் சேர்த்தது, பேரனுக்குப் போக வேண்டியது. 2017 கடைசியில் வங்கி பங்கு ஒன்றுக்கு ரூ.122 என்று, இருக்கிற பங்குதாரர்களுக்கே விற்கும் உரிமைப் பங்கு (ரைட்ஸ்) வெளியிட்டபோது, நம்ம பேங்க்தானே என்று பணம் கட்டினவர்கள் அந்த வீட்டுக்காரர்கள்தான். 2020 நவம்பர் 17 அன்று பங்கின் விலை ரூ.15 சொச்சம். அடுத்த சில நாளில் தினமும் கீழ்மட்டத்தைத் தொட்டு ரூ.7 சொச்சத்தில் வர்த்தகமே நின்றது. வரைவுத் திட்டத்துக்குக் கருத்துச் சொல்ல நவம்பர் 20 வரை, அதாவது மூன்று நாள் கொடுத்தார்கள். டீமேட் கணக்கைப் பையனிடம் கேட்டுத் திறந்து பார்க்கும் எழுபது வயதுக்காரர் மூன்று நாளில் ரிசர்வ் வங்கிக்கு என்ன எழுதுவார்?

அவர்கள் கேட்ட கேள்வி எளிமையானது. யெஸ் வங்கிப் பங்குதாரருக்குப் பங்கு மிஞ்சியதே (100-க்கு மேல் வைத்திருந்தவருக்கு முக்கால் பங்கை மூன்று வருடம் பூட்டி வைத்தார்கள், அவ்வளவுதான்), எங்களுக்கு மட்டும் ஏன் பூஜ்யம்? 563 கிளைகள், பல பத்து வருட வாடிக்கையாளர்கள், இதற்கெல்லாம் விலையே இல்லையா? கணக்கு ரிசர்வ் வங்கி பக்கம்தான். நிகர மதிப்பு பூஜ்யத்துக்குக் கீழே போன நிறுவனத்தின் பங்குக்கு மதிப்பு இல்லை என்று வாதாட முடியும். நஷ்டத்தை முதலில் ஏற்க வேண்டியவர் பங்குதாரர் என்பதும் சரி. ஆனால் எட்டு மாத இடைவெளியில் இரண்டு வங்கிக்கு இரண்டு நியாயம் ஏன் என்று விளக்கியிருக்க வேண்டும். திருப்தியான விளக்கம் வரவில்லை என்பதே என் அபிப்பிராயம்.

கடன்பத்திரக்காரர்கள் கதையும் இதுதான். இரண்டாம் அடுக்கு மூலதனப் பத்திரங்கள், அதாவது வங்கி மூழ்கினால் ரத்தாகக்கூடிய கடன்பத்திரங்கள், ரூ.318 கோடி அளவுக்கு எழுதித் தள்ளப்பட்டன. கடன்பத்திரம் வைத்திருப்பவர் பாதுகாப்பாக இருக்கிறார் என்று வங்கி சொன்ன அறிக்கைக்கு அப்போது இரண்டு மாத வயது.

வழக்குகள் போயின. சென்னை உயர் நீதிமன்றம் இணைப்பை நிறுத்தவில்லை. ஆனால் நாளைக்குப் பங்குதாரருக்கு இழப்பீடு தர வேண்டி வந்தால் அதற்காக டிபிஎஸ் தனியாக ஒரு இருப்பு வைக்க வேண்டும் என்று இடைக்கால உத்தரவில் சொன்னது. டிவி கேமராக்கள் அதற்குள் கிளம்பிவிட்டன. வைப்புதாரரின் கோபத்துக்கு நிற்க ஒரு கிளை வாசல் இருந்தது. பங்குதாரர் எந்த வாசலில் போய் நிற்பார்?

ஏறத்தாழ நாலாயிரம் ஊழியர்களின் வேலை அப்படியே தொடர்ந்தது. வாடிக்கையாளருக்கு நிஜமான அலைச்சல் வந்தது ஒரு வருடம் கழித்து. 2021 அக்டோபர் 25 முதல் புது ஐஎஃப்எஸ்சி கோடு. 2022 பிப்ரவரி 28-க்குப் பிறகு பழையது செல்லாது என்றார்கள். பழைய செக் புத்தகம், இன்ஷூரன்ஸ் தவணை, வாடிக்கையாளர் பில்லில் அச்சடித்த வங்கி விவரம் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருந்தது.

ஐந்து லட்சக் கணக்கு

வைப்புக் காப்பீடு ஒரு லட்சத்திலிருந்து ஐந்து லட்சமானது 2020 பிப்ரவரி 4-ல். அது பரவலாகத் தெரிய வந்தது இந்த நவம்பரில். ஆனால் அன்றைய சட்டப்படி தடைக்காலத்தில் காப்பீட்டுப் பணம் வராது, வங்கியைக் கலைத்தால்தான் வரும். 2021-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். செப்டம்பர் 1 முதல், இப்படி முடக்கப்பட்ட வங்கியின் வைப்புதாரருக்கு 90 நாளில் ஐந்து லட்சம் வரை கொடுக்க வேண்டும்.

நம் பக்கத்தில் இதைத் தப்பாகப் புரிந்துகொண்டவர்கள் நிறைய. ஈரோடு கிளையில் ஐந்து, பெருந்துறை கிளையில் ஐந்து என்று ஒரே வங்கியில் பிரித்துப் போட்டால் பத்து லட்சத்துக்கும் காப்பு உண்டு என்கிறார்கள். கிடையாது, ஒரே வங்கி, ஒரே பெயர் என்றால் எல்லாக் கிளையையும் கூட்டித்தான் ஐந்து லட்சம், அதுவும் வட்டியோடு சேர்த்து. கணவர் பெயரில் ஒன்று, மனைவி பெயரில் ஒன்று, இருவர் பெயரிலும் சேர்த்து ஒன்று என்றால் மூன்றும் தனித்தனி. தனி முதலாளியாக யூனிட் நடத்துபவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கம்பெனி பெயரில் உள்ள நடப்புக் கணக்கும் சொந்தப் பெயரில் உள்ள சேமிப்பும் ஒரே வங்கியில் இருந்தால், காப்பீட்டுக்கு இரண்டும் ஒரே ஆளின் பணம்.